டப்பா சார் கொண்டுவந்த கார சேவு

இந்தா கலா, போறப்போ இந்தக் கார சேவை மறக்காம எடுத்துக்கினு போ. பிரிக்கவே இல்லடி, கட்டின நூலு அப்படியே கீது பாரு. தி.நகர்ல வாங்கினது. உன் பசங்க நல்லாத் தின்னும். எனக்கு வேணாம். பல்லு சரியில்லை. யாரு குடுத்தாங்கன்னு கேக்கறியா? காலைல நம்ப வாசல் கேட்டாண்ட ஒரு ஆளு நின்னுக்கினு இருந்தாரே, வெள்ளைச் சட்டை, கைல துணிப்பை, நீ கூட ஜன்னல்ல எட்டிப் பாத்து, "இன்னா பெரிம்மா, இன்சூரன்ஸ் ஆளா?"ன்னு கேட்டியே, அவருதான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஒரு விதத்துல இன்சூரன்ஸ்தான்டி. அவரு ஒரு வீட்டுக்கு அடிக்கடி வர ஆரம்பிச்சா, அந்த வீட்டு வாசல்ல சீக்கிரம் சாமியானா போடப் போறாங்கன்னு அர்த்தம்.

முழிக்காத. உக்காரு. தண்ணி லாரி வர்றதுக்கு இன்னும் நேரம் கீது. ஃபேனைப் போட்டுக்கோ.

அவரு பேரு எனக்குத் தெரியாது. நம்ப சந்துல எல்லாருக்கும் அவரு டப்பா சார். நீ அப்போ இங்க குடி வரலை. மெட்ரோ ரயிலுக்காக ரோட்டைத் தோண்டறதுக்கு முன்னாடி, கோயில் பக்கத்துலேர்ந்து வர்ற ஆட்டோ நேரா உள்ள வந்து திரும்பும் பாரு, அந்தக் காலம். அடையாத்துல ஆத்தங்கரைப் பக்கமா ஒரு பழைய பங்களா கீது. அதோட மாடியை மியூசியமா ஆக்கி வெச்சிருக்காங்க. சாமி சிலை, ராஜா கத்தின்னு நினைச்சுக்காத. எல்லாம் வெத்தலைப் பாக்கு சாமான்டி! வெத்தலைப் பெட்டி, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி, மூக்குப்பொடி டப்பி, எச்சில் துப்பற படிக்கம், பல்லு போனவங்க இடிச்சுக்கற சின்ன உரல். எங்க மாமியார் துப்பின மாதிரி ஒரு படிக்கத்துக்கு லைட்டெல்லாம் போட்டு வெச்சிருக்காங்க. இந்தச் சாமான் எந்தெந்த வீட்ல கீதுன்னு தேடி அலையறதுதான் இவரு வேலை.

வந்தா செருப்பை வெளியில ஜோடி சேத்து, போற திசை பாத்துத் திருப்பி வெச்சுட்டுத்தான் உள்ள வருவாரு. குரலு அவ்ளோ மெதுவு. ஆஸ்பத்திரியில பேசற மாதிரியே பேசுவாரு. எந்த வீட்டுக்குப் போனாலும் தாம்பாளத்துல வெத்தலை நீட்டுவாங்க இல்ல? ரெண்டு கையால வாங்கி, கண்ல ஒத்திக்கினு, சட்டைப் பையில வெச்சுக்குவாரு. ஒரு நாள் ஒரு பொழுது வாயில போட்டு நான் பாத்ததில்லை. பல்லு அரிசி மாதிரி இருக்கும். வெத்தலைச் சாமானுக்காகவே உசுரை விடற ஆளுக்கு, வெத்தலைக் கறை இல்லாத பல்லு! அப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்தது. துணிக்கடைக்காரன் துணியில்லாம வந்து நின்ன மாதிரி.

பெட்டியைக் குடுன்னு கேக்கவே மாட்டாரு. "உங்ககிட்டயே இருக்கட்டும்மா. பாத்துட்டுப் போறேன், அவ்ளோதான்"ம்பாரு. "உயிரோட இருக்கறவங்க கையிலேர்ந்து நான் வாங்கறதில்லை"ம்பாரு. எவ்ளோ மரியாதையான மனுஷன்னு எல்லாரும் மெச்சிக்குவோம். வெறும் கையோட வர மாட்டாரு. எந்த வீடானாலும் ஒரு பொட்டலம் கார சேவு. மிளகும் மிளகாயும் போட்டுச் சுறுசுறுன்னு இருக்கும். பிரிச்சுத் தட்டுல கொட்டி, பெட்டிக்குச் சொந்தக்காரங்க முன்னாடி நகர்த்தி வெச்சு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க"ம்பாரு. அவங்க சாப்பிடற வரைக்கும் பெட்டியப் பாக்க மாட்டாருடி. வாயத்தான் பாத்துக்கினு இருப்பாரு.

இத எத்தனையோ நாளு நான் பாத்திருக்கேன். ஒண்ணும் தோணலை. நம்ப வீட்டுக்கு வந்தவரு நம்ப சாப்பிடறதப் பாத்தா, பாவம், பசி போலக்கீதுன்னுதானே தோணும்?

அத்தர் கடை பாய்னு ஒருத்தர் இருந்தாரு, நம்ப சந்து முனையில. இப்போ செல்ஃபோன் கவர் விக்கறானே அந்தக் கடை. அவரு தாத்தா காலத்து வெள்ளிப் பான்தான், அதான் அவங்க வெத்தலைப் பெட்டி, ஒண்ணு வெச்சிருந்தாரு. மூடியைத் தூக்கினா உள்ள குட்டிக் குட்டிக் கிண்ணம், பாக்குக்கு ஒண்ணு, ஏலக்காய்க்கு ஒண்ணு, சுண்ணாம்புக்கு ஒண்ணு. பாய் சிரிச்சா கடைசிப் பல்லு வரைக்கும் தெரியும். வாய் நிறைய வெத்தலையும் புகையிலையும் அடக்கிக்கினே மூணாவது வீட்டுக்குக் கேக்கற மாதிரி பேசுவாரு. டப்பா சார் வந்தா, "வாங்க ஜனாப், என் பான்தானைப் பாக்க வந்தீங்களா, என்னைப் பாக்க வந்தீங்களா?"ன்னு கேட்டுச் சிரிப்பாரு. "உங்களைத்தான் பாய்"ன்னுவாரு இவரு. பாய் சேவை அள்ளி அள்ளித் தின்னுவாரு. அப்படித் தின்னுட்டா டப்பா சாரு ரொம்ப நாளைக்கு இந்தப் பக்கமே தலை காட்ட மாட்டாரு.

ஒரு தடவை நான் அத்தர் வாங்கப் போனேன். எதுக்கு அத்தர்னு கேக்காத, எங்க வீட்டுக்காரருக்கு ஒரு ஆசை, அது வேற கதை. டப்பா சார் உக்காந்திருந்தாரு. சேவுத் தட்டு அப்படியே கீது. பாய் ஒண்ணே ஒண்ணு எடுத்து வாயில வெச்சாரு, கண்ல தண்ணி வந்துடுச்சு. "காரம் ஆகறதில்லை ஜனாப், வயசாச்சு"ன்னாரு. வாய் பாதிதான் தொறந்தது. அந்தச் சிரிப்பெல்லாம் எங்க போச்சோ. டப்பா சாரு தட்டை எடுத்து மெதுவா ஓரமா வெச்சாரு. அப்புறம் அன்னைக்கு முதல் தடவையா பான்தானை மடியில எடுத்து வெச்சுக்கினு, மூடி மேல இருக்கற பூ வேலையைக் கட்டை விரலால தடவிக்கினே இருந்தாரு.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் வந்தாரு. பாய்க்கு ஒரே சந்தோஷம். "என் சொந்தப் புள்ளை கூட இப்படி வந்து உக்காரல"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினாரு. பேச முடியாம போற வரைக்கும் சொன்னாரு. அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனப்போ, ரொம்ப லேட்டுன்னுட்டாங்க. வாயில புத்து. பாய் மௌத்தானப்போ, சாவு வீட்டுக்கு முதல்ல வந்தது யாருன்ற? இவருதான். வெள்ளைக் குல்லா போட்டுக்கினு, கூட நின்னு எல்லா வேலையும் பாத்தாரு. நாற்பதாம் நாள் சடங்கு கழிஞ்ச மறுநாள் பான்தானை ஒரு டர்க்கி டவல்ல சுத்தி, கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கிக்கினு போய் ஆட்டோல ஏறினாரு.

அதுக்கப்புறம்தான் நம்ப பொம்பளைங்க கணக்குப் போட ஆரம்பிச்சாங்க. வெறும் வாயை மெல்றவளுங்களுக்கு அவல் கிடைச்சா சும்மா விடுவாளுங்களா? "டப்பா சாரு யார் வீட்டுக்குப் போறாரு, பாத்தியா?" "நேத்து அந்தப் பூக்காரம்மா வீட்டுக்கு." "அய்யய்யோ, அவங்க நல்லாத்தானே கீறாங்க!" "நல்லாத்தான் கீறாங்க, சேவு தின்னாங்களா கேளு." இப்படி ஆகிப்போச்சு. அவரு செருப்பை வாசல்ல பாத்தாலே எதிர் வீட்ல கதவைச் சாத்திக்குவாங்க. செருப்பு போற திசை பாத்துத் திரும்பி இருக்கும், சொன்னேனே.

ஒரே ஒருத்தருக்குத்தான் பயமில்லை. பின்னாடித் தெருவுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார். மூக்குப்பொடி ஆளு. வெள்ளியில, மாங்கா மாதிரி ஒரு பொடி டப்பி வெச்சிருந்தாரு. டப்பா சாரு வந்தா, பொட்டலத்தை அவரே பிரிச்சுத் தின்னு தீத்துட்டு, அப்புறம் ஒரு சிட்டிகை உறிஞ்சுட்டு, சந்து அதிர்ற மாதிரித் தும்முவாரு. நான் போய், "சாமி, சாக்கிரதை, அவரு உங்க டப்பி மேல கண்ணு வெச்சுக்கினு கீறாரு"ன்னேன். "வெச்சுண்டு போகட்டும். அவன் என் டப்பியைப் பாத்துண்டு காத்துண்டிருக்கான், நான் அவன் சேவைப் பாத்துண்டு காத்துண்டிருக்கேன். யார் முன்னாடி போறோம்னு பாக்கலாமே"ன்னாரு. அந்த மனுஷன் இன்னும் இருக்காருடி! நங்கநல்லூர்ல பொண்ணு வீட்ல. டப்பியும் அவர் இடுப்புலயேதான் கீது.

சிரிச்சாச்சு இல்ல? இப்போ எங்க அண்ணி கதைக்கு வரேன்.

எங்க அண்ணின்னா, எங்க வீட்டுக்காரருக்கு அக்கா. சாந்தோம்ல சர்ச்சுக்குப் பின்னாடி, கடல் காத்து நேரா வந்து அடிக்கற வீடு. புருஷன் சீக்கிரமே போயிட்டாரு. தனியாவே மீன் கூடை வெச்சு ரெண்டு புள்ளைங்களை ஆளாக்கினவங்க. வாய்னா வாய். போலீஸ்காரனே ஒதுங்கிப் போவான். அவங்க வெத்தலைப் பெட்டிதான் அவங்களுக்கு நகை, நட்டு, சாமி எல்லாம். பாக்குவெட்டி கிளி உருவத்துல இருக்கும். கிளி மூக்கு வந்து பாக்கைக் கடிக்கும். சுண்ணாம்பு டப்பியைச் சங்கிலி போட்டுப் பெட்டியோட மாட்டியிருப்பாங்க. விளக்கு வெச்சப்புறம் யாருக்கும் ஒரு பொட்டு சுண்ணாம்பு தர மாட்டாங்க. "வீட்டு லட்சுமியைத் தூக்கிக் குடுக்கச் சொல்றியா?"ன்னு கத்துவாங்க. பெட்டியை யாராச்சும் தொட்டா அவ்ளோதான். வெத்தலையைத் தொடையில தொடைச்சு, காம்பு கிள்ளி, ஆள்காட்டி விரலால சுண்ணாம்பு எடுத்துத் தடவறது இருக்கே, பாத்துக்கினே இருக்கலாம்.

டப்பா சாரைப் பாத்தா அவங்களுக்கு ஒரு கேலி. "இன்னா நைனா, கழுகு மாதிரி கரெக்ட்டா வந்துட்ற? நான் இன்னும் பொணமாவல, போய்ட்டு வா"ம்பாங்க. சொல்லிக்கினே சேவை நொறுக் நொறுக்குனு தின்னுவாங்க. அவரும் சிரிச்சுக்கினே போயிடுவாரு.

ஒரு நாள் மதியானம் நான் அங்க இருந்தேன். வஞ்சிரம் குழம்பு வெச்சிருந்தாங்க. எனக்கு ஊத்தினாங்க, தனக்கு ரசஞ்சோறு, அதுவும் மிளகு போடாத ரசம். அப்போ டப்பா சார் வந்தாரு. சேவைத் தட்டுல கொட்டினாரு. அண்ணி தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாங்க. "அவ தின்னட்டும். நான் இப்பத்தான் சோறு தின்னேன்"ன்னாங்க. சொல்லிட்டு ஒரு வெத்தலையை மடிச்சு எடது கன்னத்துல அடக்கினாங்க. முன்னெல்லாம் வலதுலதான் அடக்குவாங்க.

டப்பா சாரு அவங்க வாயைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் அதுவரைக்கும் யார்கிட்டயும் கேக்காததைக் கேட்டாரு.

"அக்கா, பெட்டியை இப்பவே குடுத்துடுங்க."

அண்ணிக்கு முகம் செவந்துடுச்சு. "இன்னா சொன்ன?"

"பெட்டியைக் குடுத்துடுங்க. வெத்தலையே இல்லாம வெறும் வாயா கொஞ்ச நாள் இருந்து பாருங்க. அடையாறு ஆஸ்பத்திரியில ஒரு தடவை வாயைக் காட்டிட்டு வந்துடலாம். நானே ஆட்டோ வெச்சுக் கூட்டிக்கினு போறேன்."

அவ்ளோதான். எழுந்து நின்னாங்க பாரு. "ஏய், நான் சாவற வரைக்கும் கூடப் பொறுக்க முடியலையா உனக்கு? ஆஸ்பத்திரி பேரைச் சொல்லிப் பயமுறுத்திப் பெட்டியை அடிச்சுக்கினு போலாம்னு பாக்கறியா? இந்த டகுல்பாஜி வேலையெல்லாம் என்கிட்ட வேணாம். கெளம்பு!" குப்பத்துல பாதி பேரு வந்துட்டாங்க. அவங்களும் அண்ணி பக்கம்தான். "ஏன் சார், உயிரோட இருக்கறவங்ககிட்ட வாங்க மாட்டேன்னு பெருமை அடிச்சுக்குவீங்களே"ன்னு ஒருத்தன் கேட்டான். அவரு செருப்பைப் போட்டுக்கினாரு. போறப்போ அண்ணியையே திரும்பிப் பாத்துக்கினு போனாரு. பெட்டியைப் பாக்கலை. அத நான் கவனிச்சேன்.

இன்னா பண்றது சொல்லு. இழவு வீட்ல பொருள் பொறுக்கற மனுஷன் வந்து 'உடம்பைப் பாத்துக்கோ'ன்னா, யாரு நம்புவாங்க?

அண்ணி வீம்புக்கு இன்னும் ரெண்டு வெத்தலை அதிகமாப் போட்டாங்க. மழைக்காலம் வந்தது. கன்னத்துல ஓட்டை விழுந்து, குடிச்ச தண்ணி வெளியில வர்ற வரைக்கும் புள்ளைங்ககிட்டச் சொல்லலை. பொங்கலுக்கு அவங்க இல்லை. வேணாம், அத விடு.

சாவுக்கு டப்பா சார் வந்தாரு. இந்தத் தடவை உள்ள வரலை. எதிர்ல படகு ஓரமா வெய்யில்ல நின்னாரு. பெரிய மகன்தான், 'இந்த எழவு பெட்டியைக் கண்ணால பாக்க முடியலை'ன்னு அவர் கைல திணிச்சான்.

அண்ணி பேத்தி படிச்ச பொண்ணு. "ஆயா பெட்டி எப்படிக் கீதுன்னு பாக்கலாம் வா"ன்னு ஒரு நாள் என்னை அந்த மியூசியத்துக்குக் கூட்டிக்கினு போனா. மாடியில ஏ.சி., ஐஸ் பெட்டிக்குள்ள போன மாதிரி. கண்ணாடி அலமாரி வரிசையா நிக்குது, உள்ள செவப்பு வெல்வெட்டு. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா படிக்காமலே இது பாய், இது பூக்காரம்மா, இது கூரியர் ஆபீஸ் மாடியில இருந்த பாட்டின்னு நான் சொல்லிக்கினே போனேன். "சீட்டுல அவங்க பேரு எழுதியிருக்கா?"ன்னு கேட்டேன். பேத்தி படிச்சா: "வெள்ளிப் பான்தான். தென்னிந்தியா." பேரு இல்லை. தென்னிந்தியாவாம்! பாய் கேட்டிருந்தா சந்து அதிரச் சிரிச்சிருப்பாரு.

அண்ணி பெட்டி ஜன்னல் ஓரமா இருந்தது. கிளி மூக்கைத் தொறந்துக்கினு கீது. சுண்ணாம்பு டப்பி தொறந்து வெச்சிருந்தாங்க. உள்ள பழைய சுண்ணாம்பு காஞ்சு கல்லா ஆயிடுச்சு. அது நடுவுல ஒரு பள்ளம், கலா. ஆள்காட்டி விரல் பள்ளம். கடைசியா எடுத்த சுண்ணாம்பு. பேத்தி கண்ணாடி மேலயே கையை வெச்சுக்கினா.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு இடம் காலி. வெல்வெட்டை அமுக்கிப் பெட்டி வடிவமா இடம் பண்ணி வெச்சிருக்காங்க, சாமான் இல்லை. பின்னாடி டப்பா சாரு வந்து நின்னது கூட எனக்குத் தெரியலை. "இங்க இன்னா வரும்?"னு கேட்டேன்.

"இன்னும் வரலைம்மா"ன்னாரு. வெத்தலை அடக்கியிருந்த என் கன்னத்தைப் பாத்தாரு.

நான் முந்தானையால கன்னத்தை மறைச்சுக்கினேன். ஆனாலும் கேட்டுட்டேன். "ஏன் சார், சேவு தின்ன முடியலைன்னா வாயில அந்த நோவு வந்துடுச்சுன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"எத்தனையோ வாயைப் பாத்துட்டேம்மா. பெரும்பாலும் தெரிஞ்சிடும்."

"பாய்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. ஒருத்தங்ககிட்டச் சொன்னேன். இன்னா ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்களே." கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியில பேத்தி கை வெச்ச இடத்தைத் தொடைச்சாரு. அவ்ளோ பொறுமையாத் தொடைச்சாரு.

நல்லவரா கெட்டவரா? எனக்கு இன்னி வரைக்கும் தெரியலை. பாய் வீட்ல வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை உக்காந்தது பாய்க்காகவா, பான்தானுக்காகவா? ரெண்டுக்கும்தான் போல. அதே மனுஷன்தான் அண்ணிகிட்டத் திட்டு வாங்கினதும்.

அதுக்கப்புறம் ரோட்டைத் தோண்டினாங்க, சந்தெல்லாம் புழுதி, அவரு வரலை. நானும் மறந்துட்டேன். இன்னிக்குக் காலைல, இத்தனை வருஷம் கழிச்சு, தலையெல்லாம் நரைச்சு, வாசல் கேட்டாண்ட நிக்கறாரு. செருப்பைக் கழட்டி, திருப்பி வெச்சாரு. என் பெட்டி உனக்குத் தெரியுமே, மூடியில மயில் போட்ட பித்தளைப் பெட்டி, கல்யாணத்துக்கு எங்கம்மா குடுத்தது. அதைப் பாத்துச் சிரிச்சாரு. பொட்டலத்தை வெச்சாரு. "சாப்பிடுங்கம்மா"ன்னாரு.

"பல்லு சரியில்லை சார்"ன்னேன்.

அவரு என் வாயைப் பாத்தாரு. அதே மெதுவான குரல்ல, "பெட்டியை இப்பவே குடுத்துடுங்கம்மா. சாயங்காலம் வரேன்"ன்னாரு.

இன்னா கலா, அப்படிப் பாக்கற? சரி, சொல்றேன். பல்லுல ஒண்ணும் இல்லை. கன்னத்துக்கு உள்ள வெள்ளையா ஒண்ணு கீது. சித்திரையிலேர்ந்து இருக்கு. ரசம் பட்டாக்கூட எரியுது. மருமகளுக்குத் தெரியாது, தனியா எனக்கு மட்டும் காரமில்லாம எடுத்து வெச்சுக்கறேன், வயித்துப் புண்ணுன்னு சொல்லியிருக்கேன். அழாதடி. பைத்தியம். அண்ணி மாதிரி நான் வீம்பு புடிக்க மாட்டேன். நாளைக்குக் காலைல உன் வீட்டுக்காரரை ஆட்டோவோட வரச் சொல்லு, அடையாத்துக்கு. மருமகள்கிட்டயும் நீயே சொல்லிடு, எனக்கு வாய் வராது.

சாயங்காலம் அவரு வந்தா பெட்டியைக் குடுத்துடுவேன். என் கையாலயே குடுப்பேன், உயிரோட கீற பொம்பளைகிட்ட வாங்கட்டும். ஆனா வெத்தலை, பாக்கு, புகையிலை ஒண்ணும் உள்ள இருக்காது. அந்தச் சுண்ணாம்பு டப்பியை இங்க எடு. கரண்டியும் எடு. அடி வரைக்கும் சுரண்டிடணும். என் விரல் பள்ளத்தை அந்தக் கண்ணாடிக்குள்ள விட்டுட்டு வர மாட்டேன்டி நான், பாத்துக்கோ. புளி கொஞ்சம் ஊற வெச்சிருக்கேன், அதும் வேணும், மயிலு கழுத்துல பச்சை புடிச்சிருக்கு பாரு...

ஏய், ஹாரன் அடிக்கறான், லாரி வந்துடுச்சு! எழுந்திரு, எழுந்திரு, அந்தப் பச்சைக் குடம் ரெண்டையும் எடு, நீ போய் லைன்ல நில்லு, நான் இதைச் சுரண்டிட்டு வரேன்.